விழுங்கலாமா, வேண்டாமா: செல் சட்டகம் எடுக்கும் முடிவு

பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கால் செய்த நுண்ணிய நீள்வட்ட வட்டுகள். முனைகள் கூம்பியிருக்கும், பக்கங்கள் தட்டையாக இருக்கும். 2006இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஜூலி சாம்பியன், சமீர் மித்ரகோத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வட்டுகளை எலியின் நுரையீரலில் உள்ள மேக்ரோஃபேஜ் (கிருமிகளையும் வேண்டாத துகள்களையும் விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்) செல்களுக்குக் கொடுத்து, நுண்ணோக்கியில் கவனித்தார்கள். வட்டின் கூம்பிய முனையைத் தொட்ட செல், சில நிமிடங்களில் வட்டை முழுசாக விழுங்கிவிட்டது. அதே மாதிரி வட்டின் தட்டைப் பக்கத்தைத் தொட்ட செல்லோ 12 மணி நேரம் கழித்தும் விழுங்கவில்லை. வட்டின்மேல் பரவி ஒட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது.

இரண்டு தடவையும் வட்டு ஒன்றுதான், செல் வகையும் ஒன்றுதான். வட்டின் மேற்பரப்பில் இருந்த வேதிப்பொருளிலும் வித்தியாசம் இல்லை. மாறியது ஒன்றே ஒன்று: செல் முதலில் தொட்ட இடத்தின் வளைவு. நோய் எதிர்ப்பு என்றாலே ஏற்பி (செல்லின் மேலிருந்து பிறவற்றைப் பற்றி அடையாளம் காணும் புரதம்), எதிர்ப்பொருள் (கிருமிமேல் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் புரதம்), மூலக்கூறு அடையாளம் என்று படித்துப் பழகியவர்களுக்கு இது ஒரு நேரடியான கேள்வி. அடையாளம் சமமாக இருக்கும்போது வளைவை அளந்து பார்த்தது எது?

செல்லுக்குள் இருக்கும் புரத இழைகளின் வலைதான் அது. செல் சட்டகம் என்று அதைச் சொல்கிறோம். செல்லுக்கு உருவம் கொடுப்பது, பொருள்களை இடம் மாற்றுவது என்று பாடநூல்கள் இரண்டு வரியில் இதைக் கடந்துவிடுகின்றன. விழுங்கும் செல்களைப் பொறுத்தவரை அந்த இரண்டு வரி போதவே போதாது. ஏற்பி கண்டுபிடிக்கும், சட்டகம் கட்டளையை நிறைவேற்றும் என்ற பழைய வேலைப் பிரிவினை இன்று செல்லாது. விழுங்குவதா வேண்டாமா என்ற முடிவிலேயே சட்டகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

விழுங்கும் செல்கள் இருப்பதை உலகத்துக்கு உறுதியாகச் சொன்னவர் இலியா மெச்னிகாஃப். 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில், கண்ணாடிபோலத் தெளிந்த நட்சத்திரமீன் இளம்புழுக்களின் உடலில் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் பார்த்தபோது முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. இந்த வழியில் தொடர்ந்த ஆய்வுக்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எர்லிக்கின் பக்கம் ரத்தத்தில் கரைந்திருக்கும் எதிர்ப்பொருள்கள். மெச்னிகாஃபின் பக்கம் விழுங்கும் செல்கள். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு முதல் பக்கமே அதிக கவனம் பெற்றது. எதிர்ப்பொருளைச் சோதனைக் குழாயில் பிரித்து அளந்துவிடலாம். ஒரு செல் எப்படித் தன் உடலை வளைத்து இன்னொன்றைச் சுற்றுகிறது என்பதை அப்படி அளக்க வழியில்லை.

அளப்பதற்கான முதல் சாவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: தசை. 1940களின் தொடக்கத்தில் ஹங்கேரியின் செகெட் நகரில், ஆல்பர்ட் செண்ட்-ஜியோர்ஜியின் ஆய்வகத்தில் புரூனோ ஸ்ட்ராப் தசையிலிருந்து ஆக்டின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார். தசையைச் சுருங்கவைக்கும் அதே ஆக்டினும் அதன் துணையான மயோசினும் மேக்ரோஃபேஜிலும் இருப்பதை 1970களில் அமெரிக்காவில் தாமஸ் ஸ்டாஸலும் ஜான் ஹார்ட்விக்கும் முயலின் நுரையீரல் செல்களில் காட்டினார்கள். சைட்டோகலாசின் என்ற பூஞ்சை நச்சு ஆக்டின் இழை வளர்வதைத் தடுக்கும். அதைக் கொடுத்தால் மேக்ரோஃபேஜ் இரையோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் விழுங்காது. ஒட்டுவதும் விழுங்குவதும் வேறு வேறு வேலை என்பது அங்கேயே தெளிவாயிற்று.

ஆக்டின் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தனித்தனி உருண்டைகளாகச் செல்நீரில் மிதக்கும் ஆக்டின் மூலக்கூறுகள், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து இழையாகின்றன. இழையின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். ஒரு முனையில் வேகமாகச் சேரும், மறுமுனையில் கழன்று உதிரும். வீடு கட்டும்போது சவுக்குக் கம்பால் சாரம் கட்டுவார்களே, வேலை முடிந்த பக்கம் அவிழ்த்து, அதே கம்பை அடுத்த பக்கம் கட்டுவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனால் இங்கே கட்டுவதும் அவிழ்ப்பதும் நொடிக் கணக்கில் நடக்கும். சேரும் ஒவ்வொரு உருண்டையும் இழையைச் சுமார் 2.7 நானோமீட்டர் நீட்டுகிறது. இழையின் நுனி செல் சவ்வை முட்டிக்கொண்டிருந்தால், அந்த நீளல் சவ்வை வெளியே தள்ளும் விசையாகிறது. ஒற்றை இழையின் விசை சில பிகோநியூட்டன் மட்டுமே. ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்து தள்ளும்போது செல்லின் விளிம்பே நகர்கிறது.

இழைகள் சேர்ந்து தள்ள, அவை கிளைவிட வேண்டும். ஏழு புரதங்கள் சேர்ந்த ஆர்ப் 2/3 என்ற தொகுதி, இருக்கும் இழையின் பக்கவாட்டில் உட்கார்ந்து, சுமார் 70 பாகைக் கோணத்தில் புதுக் கிளையைத் தொடங்கிவைக்கிறது. ஃபார்மின் என்ற இன்னொரு புரதக் குடும்பம் கிளையில்லாத நீண்ட நேர் இழைகளை வளர்க்கிறது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வகை என்று தீர்மானிப்பவை ராக், சிடிசி42, ரோ ஆகிய சிறு ஆளிப் (சுவிட்ச்) புரதங்கள். இவை அணைந்தும் எரிந்தும் வேலை செய்யும்.

இனி விழுங்கலுக்கு வரலாம். ஒரு பாக்டீரியத்தின் மேல் எதிர்ப்பொருள்கள் படிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மேக்ரோஃபேஜ் அது தன்மேல் வந்து விழட்டும் என்று காத்திருப்பதில்லை. அதன் மேற்பரப்பில் ஆக்டின் தள்ளும் மடிப்புகளும் விரல்போன்ற நீட்சிகளும் ஓயாமல் எழுந்து அடங்கிச் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டே இருக்கின்றன. துழாவலை நிறுத்தினால் பிடிபடும் இரையும் குறைகிறது. ஏற்பி ஒன்றைத் தொடுவதற்கு முன்பே சட்டகம் வேலையில் இறங்கிவிடுகிறது என்பதற்கு இதுவே முதல் சான்று.

தொட்டவுடன் எஃப்சி ஏற்பிகள் எதிர்ப்பொருளின் வாலைப் பற்றி ஓரிடத்தில் குவிகின்றன. ஏற்பியின் உட்புறத்தில் பாஸ்பேட் ஏறுகிறது, சிக் என்ற நொதி வந்து அமர்கிறது, ராக்கும் சிடிசி42வும் எரிகின்றன. சவ்வு கிண்ணமாகக் குழிந்து, அதன் உதடுகள் இரையின் பக்கவாட்டில் ஏறத் தொடங்குகின்றன. சிறிய துகள் என்றால் சில நிமிடங்களில் காரியம் முடிந்துவிடும்.

உதடு ஏறுவதற்கு ஒவ்வோர் அடியிலும் புதிய பிடி வேண்டும். 1970களின் நடுவில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் சில்வர்ஸ்டைன் குழு இதை அழகாக நிறுவியது. உடல் முழுக்க எதிர்ப்பொருள் பூசிய லிம்போசைட் என்ற வெள்ளணுக்களை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கின. எதிர்ப்பொருளை ஒரே முனையில் ஒதுக்கிவைத்த லிம்போசைட்டுகளையோ பிடித்துக்கொண்டன, விழுங்கவில்லை. கிண்ணம் எதிர்ப்பொருள் இருந்த இடம்வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. ஜிப் மாதிரி என்று அவர்களே இதற்குப் பெயர் வைத்தார்கள். ‘விழுங்கு’ என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்துவிட்டால் மீதி தானாக நடக்கும் என்ற எண்ணத்துக்கு இந்தச் சோதனை முற்றுப்புள்ளி வைத்தது. விழுங்கல் என்பது ஒவ்வொரு நானோமீட்டரிலும் மறுபடி மறுபடி எடுக்கப்படும் முடிவு. எந்த இடத்திலும் நிறுத்திவிடலாம்.

எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி கிண்ணத்தின் அடிப்பாகம். உதடுகளில் ஆக்டின் அடர்ந்து வளரும் அதே நேரத்தில், அடியில் இருந்த ஆக்டின் கலைந்துபோகிறது. சவ்வில் உள்ள பிஐபி2 என்ற கொழுப்பு மூலக்கூறு ஆக்டின் வளர உதவுவது. அது அடிப்பாகத்தில் மட்டும் மறைந்துவிடுவதை டொரான்டோவில் செர்ஜியோ கிரின்ஸ்டைன் குழு 2000ஆம் ஆண்டில் காட்டியது. அடியில் கட்டியது கட்டியபடியே இருந்தால் இரை உள்ளே இறங்க இடமில்லை. உதட்டுக்கு அனுப்ப மூலப்பொருளும் இல்லை. பெரிய துகளை விழுங்கும்போது இது வாழ்வா சாவா என்ற விஷயம். அப்போது பிஐ3 கைனேஸ் என்ற நொதி தேவைப்படுகிறது. அது உண்டாக்கும் கொழுப்பு, ராக்கையும் சிடிசி42வையும் அணைக்கும் புரதங்களை அடிப்பாகத்துக்கு வரவழைக்கிறது. அந்த நொதியைத் தடுத்தால் சிறு துகள்கள் உள்ளே போகின்றன. பெரிய துகள்கள் பாதியில் நிற்கின்றன. கட்டுவது எவ்வளவு முக்கியமோ, சரியான இடத்தில் கலைப்பதும் அவ்வளவே முக்கியம்.

உதடுகள் ஏறும்போது இரையை எவ்வளவு அழுத்துகின்றன? ஜூலி தெரியோட்டின் குழு இதற்கு மென்மையான ஜெல் மணிகளைச் செய்தது. செல் எங்கே அழுத்துகிறதோ அங்கே மணி குழியும். குழிவின் ஆழத்திலிருந்து விசையைக் கணக்கிடலாம். 2021இல் வெளியான முடிவுகளில், கிண்ணத்தின் விளிம்பில் ஆக்டின் தனித்தனிக் குவியல்களாக இரையை உள்நோக்கிக் குத்துவது தெரிந்தது. ஆய்வாளர்கள் இவற்றைப் பற்கள் என்றார்கள். பற்களை இணைத்து மயோசின் வளையமாக இறுக்குகிறது; அதற்குத் தாடை என்று பெயர் வைத்தார்கள். இரை பாதிக்கு மேல் உள்ளே போனபின் இந்த இறுக்கமே அதைப் பிதுக்கி உள்ளே தள்ளுகிறது. சில வேளை இந்த இறுக்கம் இரையையே துண்டாக்கிவிடும். உயிருள்ள பெரிய செல்லை முழுசாக விழுங்க முடியாத மேக்ரோஃபேஜ், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தெடுக்கும் வழியும் இருக்கிறது.

எதிர்ப்பொருள் இல்லாமல் ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதம் படிந்த துகளை விழுங்கும் வழி வேறு என்று நெடுநாள் நம்பப்பட்டது. அங்கே உதடுகள் எழாது, இரை அப்படியே செல்லுக்குள் அமிழும் என்றார்கள். 1998இல் இமானுவேல் கரோனும் ஆலன் ஹாலும் எஃப்சி வழிக்கு ராக், சிடிசி42, காம்ப்ளிமென்ட் வழிக்கு ரோ என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். பாடப் புத்தகத்துக்குள் அழகாகப் பொருந்திய பிரிவு இது. ஆனால் 2019இல் உயிருள்ள செல்களைக் கூர்ந்து படம்பிடித்தபோது காம்ப்ளிமென்ட் வழியிலும் சவ்வு மடிப்புகள் எழுந்து இரையைச் சுற்றுவது தெரிந்தது. எஃப்சி வழிக்கு ஆர்ப் 2/3 கட்டாயம் என்ற கருத்தும் ஆட்டம் கண்டிருக்கிறது: அந்தத் தொகுதியே இல்லாத எலி மேக்ரோஃபேஜ்களும் எதிர்ப்பொருள் பூசிய இரையை விழுங்குகின்றன என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு வழி அடைபட்டால் செல் மற்ற வழியில் ஆக்டினைத் திரட்டிக்கொள்கிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். அம்புக்குறி போட்டு வரையும் ஒற்றைச் சங்கிலிப் படங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

அளக்கும் வேலைக்குத் திரும்புவோம். கிண்ணம் ஏறுவதற்கு உதடு இரையின் வளைவைப் பின்பற்றித் திரும்ப வேண்டும். கூம்பிய முனையில் தொட்டால் சிறிய வளையமாக ஆக்டின் திரண்டு, வளையம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிடும். தட்டைப் பக்கத்தில் தொட்டால் தொடக்கத்திலேயே மிக அகலமான வளையத்தைக் கட்ட வேண்டும். சாம்பியனும் மித்ரகோத்ரியும் பார்த்ததில், தொடும் கோணம் சுமார் 45 பாகையைத் தாண்டினால் ஆக்டின் கிண்ணமே உருவாகவில்லை. செல் விழுங்குவதற்குப் பதில் பரவியது. பாக்டீரியங்கள் ஏன் கோல், இழை, சுருள் என்று இத்தனை வடிவம் எடுக்கின்றன என்ற கேள்விக்கு, தப்பிப்பிழைத்தலும் ஒரு பகுதி விடையாக இருக்கலாம்.

வளைவைப் போலவே விறைப்பும் அளக்கப்படுகிறது. ஒரே அளவில், ஒரே எதிர்ப்பொருள் பூச்சோடு, மென்மையான ஜெல் மணிகளையும் விறைப்பான ஜெல் மணிகளையும் 2002இல் மேக்ரோஃபேஜ்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். விறைப்பானவையே அதிகம் விழுங்கப்பட்டன. ஆக்டின் தள்ளும்போது எதிரில் இருப்பது திருப்பித் தள்ள வேண்டும். அந்த எதிர்விசையே ‘தொடர்ந்து கட்டு’ என்ற செய்தியாகிறது. குழைந்து கொடுத்தால் செய்தி பலவீனப்படுகிறது.

இது ஆய்வகத்து விநோதம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் உடலில் நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட முதிய சிவப்பணுக்கள் ரத்தத்திலிருந்து அகற்றப்படுகின்றன. பெரும்பகுதி மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ்களின் வேலை. இளம் சிவப்பணுக்கள் தப்பிக்க ஒரு காரணம், அவற்றின் மேலிருக்கும் சிடி47 என்ற புரதம். ‘என்னை விழுங்காதே’ என்ற அடையாளம் என்று அதைச் சொல்வது வழக்கம். அந்த அடையாளம் எங்கே போய் வேலை செய்கிறது? டென்னிஸ் டிஷரின் குழு 2008இல் காட்டியபடி, அது மேக்ரோஃபேஜின் மயோசின் அந்தத் தொடுமிடத்தில் திரள்வதைத் தடுக்கிறது. அதாவது, மறுப்பு போய்ச் சேரும் இடமும் சட்டகமே. அதே குழு பிறகு சிவப்பணுக்களை விறைப்பாக்கிப் பார்த்தது. சிடி47 இருந்தும் அவை விழுங்கப்பட்டன. விறைப்பு சொல்லும் ‘ஆம்’, அடையாளம் சொல்லும் ‘வேண்டாம்’ என்பதை மீறிவிட்டது. முதுமையில் சிவப்பணு விறைப்பாவதையும், மண்ணீரலின் ஓரிரு மைக்ரோமீட்டர் அகலப் பிளவுகளில் அது நுழையத் திணறுவதையும் சேர்த்துப் பார்த்தால், உடல் முதுமையை அறிவது பெருமளவுக்கு இயந்திர வழியில்தான் என்று தோன்றுகிறது.

அளவு தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்பெஸ்டாஸ் உதாரணம். நீண்ட ஆஸ்பெஸ்டாஸ் நார் மேக்ரோஃபேஜின் நீளத்தையும் மிஞ்சும். செல் ஒரு முனையைச் சுற்றிக் கிண்ணம் கட்டி ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது, மூடவே முடிவதில்லை. மூடாத கிண்ணத்திலிருந்து செரிமான நொதிகளும் ஆக்சிஜன் நச்சுகளும் சுற்றியுள்ள திசுவுக்குள் கசிகின்றன. அழற்சி தணிவதில்லை. இருபது, நாற்பது ஆண்டுகள் கழித்து நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோயாக அது வரலாம். நம் ஊர்களில் கூரைக்குப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் கிளம்பும் தூசு இதனால்தான் ஆபத்து. வாயையும் மூக்கையும் மூடாமல் அந்த வேலையைச் செய்யும் கூலித்தொழிலாளர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

சட்டகம் இவ்வளவு முக்கியம் என்பதைக் கிருமிகள் நமக்கு வெகுகாலம் முன்பே ‘கண்டுபிடித்துவிட்டன’. பிளேக் நோயின் கிருமியான யெர்சினியா, ஊசிபோன்ற அமைப்பு வழியாக மேக்ரோஃபேஜுக்குள் நேரடியாகப் புரதங்களைச் செலுத்துகிறது. ஒன்று, ஏற்பியிலிருந்து வரும் பாஸ்பேட் செய்தியைத் துடைத்தழிக்கிறது. இன்னொன்று ராக்கை அணைக்கிறது. மூன்றாவது, இந்த ஆளிப் புரதங்கள் சவ்வில் ஒட்டிக்கொள்ளும் வாலை வெட்டிவிடுகிறது. நான்காவது செல்லின் சொந்த ஆக்டினோடு சேர்ந்த பிறகே விழித்துக்கொள்ளும் நொதி. பாக்டீரியத்துக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கும். ஒரே இலக்கை நான்கு பக்கமிருந்து தாக்குகிறது என்றால், அந்த இலக்கின் மதிப்பு என்னவென்று தெரிகிறதல்லவா? சால்மொனெல்லா நேர்மாறு. விழுங்கும் வழக்கமே இல்லாத குடல் செல்களில் ராக்கையும் சிடிசி42வையும் தானே எரியவைத்து, தன்னை விழுங்கவைக்கிறது. உள்ளே போனதும் இன்னொரு புரதத்தால் அவற்றை அணைத்து, வந்த தடத்தை மூடிவிடுகிறது.

உள்ளே போனபின் ஆக்டின் உறை கழன்று, விழுங்கிய பை, சட்டகத்தின் இன்னொரு வகை இழைகளான நுண்குழல்களின் தடத்தில் டைனீன் என்ற மோட்டார் புரதத்தால் செல்லின் நடுப்பகுதிக்கு இழுக்கப்பட்டு, லைசோசோம் என்ற செரிமான நொதிப் பையோடு கலக்க வேண்டும். அங்கேதான் செரிமானம். பிகாரைப் பல ஆண்டுகள் வாட்டிய காலா அசார் நோயின் ஒட்டுண்ணியான லீஷ்மேனியா டோனோவானி, தன் மேலுள்ள சர்க்கரைக்கொழுப்பால் பையைச் சுற்றி ஆக்டினைக் கழலவிடாமல் தேக்கிவைத்து இந்தக் கலப்பைத் தாமதப்படுத்துகிறது.

மனிதரில் இந்த இயந்திரத்தின் பாகங்கள் பிறவியிலேயே பழுதானால் வரும் நோய்களில் பழையது விஸ்காட்-ஆல்ட்ரிச். 1937இல் ஜெர்மனியில் விஸ்காட்டும், 1954இல் அமெரிக்காவில் ஆல்ட்ரிச்சும் விவரித்தார்கள். ரத்தக்கசிவு, தோலில் கரப்பான், திரும்பத் திரும்ப வரும் தொற்று. பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் ஆண் குழந்தைகள். காரணமான மரபணு 1994இல் அடையாளம் காணப்பட்டபோது, அது ஆர்ப் 2/3ஐத் தட்டியெழுப்பும் புரதத்துக்கானது என்று தெரியவந்தது. ரத்த செல்களில் மட்டும் வேலைசெய்யும் புரதம் என்பதால் எலும்புமஜ்ஜை மாற்று பலன் தருகிறது. 1968லேயே அந்தச் சிகிச்சை தொடங்கிவிட்டது. ஆர்ப் 2/3 தொகுதியின் ஒரு பாகமே குறைந்த குழந்தைகளும் 2017 முதல் அடையாளம் காணப்பட்டு வருகிறார்கள்.

புற்றுநோய் மருத்துவத்தில் இப்போது நடக்கும் முயற்சிகளை இந்தக் கண்ணோடு பார்ப்பது பயன் தரும். பல புற்றுச் செல்கள் சிடி47ஐ அதிகமாக ஏந்தி மேக்ரோஃபேஜிடமிருந்து தப்புகின்றன. அதை மறைத்துவிட்டால் போதும், மேக்ரோஃபேஜ் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கையில் மருந்துகள் வந்தன. ரத்தப் புற்றுநோய்களில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட அத்தகைய மருந்து ஒன்றின் இறுதிக்கட்டச் சோதனைகள், பலன் போதாமல் 2023, 2024 ஆண்டுகளில் நிறுத்தப்பட்டன. சிவப்பணுக்களிலும் சிடி47 இருப்பதால் ரத்தசோகை ஒரு பக்கவிளைவு. ஒரு மறுப்பை நீக்குவது ஓர் ஆணையிடுவதற்குச் சமம் ஆகாது. பல புற்றுச் செல்கள் இயல்பான செல்களைவிட மென்மையானவை; மேக்ரோஃபேஜைப் போலவே பெரியவை, சில அதைவிடவும் பெரியவை; மேற்பரப்பில் எதிர்ப்பொருள் ஒட்டும் இடங்கள் அடர்த்தியாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஜிப் ஏறுவதற்கு வேண்டிய பிடியும், ஆக்டின் தள்ளுவதற்கு வேண்டிய எதிர்விசையும், பெரிய இரைக்கு வேண்டிய கலைப்பு வேலையும் அங்கே தனித்தனியாக அளந்து பார்க்கப்பட வேண்டியவை. மேக்ரோஃபேஜ்களுக்கே செயற்கை ஏற்பி பொருத்தி நோயாளிக்குத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சை மனிதரில் ஆரம்பச் சோதனைக்கு வந்திருக்கிறது. அந்த ஏற்பிகளை வடிவமைப்பவர்கள், ஏற்பியின் வெளிமுனை எதைப் பற்றுகிறது என்பதோடு, உள்முனை எவ்வளவு ஆக்டினைத் திரட்டுகிறது என்பதையும் இப்போது சேர்த்தே சோதிக்கிறார்கள்.